கர்ஸன் பிரபுவும் பழங்கோட்டைகளும்

வங்காளத்தை இரு கூறாக்கிய இராஜப்பிரதிநிதி என்றே கர்ஸன் பிரபுவை நம்மவர் பெரும்பாலும் அறிவர். அச்செயலை நாம் நியாயப்படுத்தப் புகவில்லை. ஆயினும், அழிந்தொழியவிருந்த பழங்கட்டிடங்களைக் காக்க அவர் இந்நாட்டிலும் தம் நாட்டிலும் ஆற்றிய தொண்டினை அறியாதிருத்தல் மாணவராகிய நமக்குத் தகுவதன்று.

ஜார்ஜ் நத்தானியேல் கர்ஸன் 1859-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ஆம் நாள், இங்கிலாந்தில் டார்பிஷயரைச் சார்ந்த கெடில்ஸ்டன் மாளிகையில் பிறந்தார். ஈட்டன் பாடசாலையிலும், ஆக்ஸ்போர்டுச் சர்வகலாசாலையின் பேலியல் கலாசாலையிலும் கல்வி பயின்று, 1886-இல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். இளமையிலேயே முதுகெலும்பில் நோயுற்ற அவர், எஃகுக் கச்சையணிந்து வலியைப் பொறுத்துக்கொண்டே அயராது உழைத்தார்.

1899-இல் அவர் இந்தியாவின் இராஜப்பிரதிநிதியாய்ப் பதவியேற்றார். இங்குள்ள புராதன மாளிகைகளும் கோயில்களும் கேட்பாரற்றுச் சிதைவதைக் கண்டு மனம் வருந்தினார். 1902-இல் ஜான் மார்ஷலைத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக்கினார். தாஜ்மகாலையும் அதன் தோட்டத்தையும் செப்பனிடுவித்தார். 1904-இல் பூர்வீகச் சின்னங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டிடமொன்று அழியும் அபாயத்திலிருப்பின் அதனை விலைகொடுத்து எடுத்துக்கொள்ள அச்சட்டம் அரசாங்கத்திற்கு அதிகாரமளித்தது. கல்லின்மேல் இவ்வளவு பரிவு வைத்தவர், மக்களின் கருத்தை மதியாது 1905-இல் வங்காளத்தைப் பிரித்தார் என்பது வருந்தத்தக்கதே. சேனாதிபதி கிச்சனருடன் நேர்ந்த பிணக்கினால் அவ்வாண்டிலேயே பதவி துறந்து தாயகம் மீண்டார்.

இங்கிலாந்தின் நிலை அக்காலத்தில் யாது? 1882-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தது. எனினும், உடையவர் இசைந்தாலன்றி அதனால் ஒன்றும் செய்யவியலாது. தன் கோட்டையை இடிக்கவும் விற்கவும் உடையவனுக்குத் தடையில்லை.

இதன் தீமையை டாட்டர்ஷால் கோட்டை யாவர்க்கும் உணர்த்திற்று. லிங்கன்ஷயரிலுள்ள இச்செங்கற்கோட்டையை, பதினைந்தாம் நூற்றாண்டில், ஆறாம் ஹென்றி மன்னரின் பொக்கிஷ மந்திரியாயிருந்த ரால்ப் கிராம்வெல் பிரபு எழுப்பினார். அதன் அறைகளில், அவர் பதவிக்கு அடையாளமான பணப்பை செதுக்கப்பெற்ற பெரிய கல் கணப்படுப்புகள் இருந்தன. 1910-இல் கோட்டை விலைக்கு வந்தது. அடுப்புகள் பெயர்த்தெடுக்கப்பட்டு, அமெரிக்காவுக்குக் கப்பலேற்றக் கட்டி வைக்கப்பட்டன. செய்தியறிந்த கர்ஸன் 1911-இல் கோட்டையைத் தம் பொருளாலே வாங்கினார். நாடெங்கும் தேடுவித்து, அடுப்புகளை இலண்டனில் கண்டுபிடித்து மீட்டு, அவை முன்பிருந்த இடங்களிலேயே மீண்டும் பொருத்துவித்தார். வில்லியம் வீர் என்னும் சிற்பியைக் கொண்டு, இழந்த தளங்களையும் கூரையையும் சீர்ப்படுத்தினார்.

இந்நிகழ்ச்சி தேசத்தாரின் கண்ணைத் திறந்தது. பிரபுக்கள் சபையில் கர்ஸனும் இப்பொருள் குறித்து வாதித்தார். 1913-இல் புதிய சட்டம் நிறைவேறிற்று. அபாயத்திலுள்ள புராதனச் சின்னத்தை உடையவர் விரும்பாவிடினும் காக்குமாறு கட்டளையிட அது வழிசெய்தது. மக்கள் குடியிருக்கும் வீடுகளும் வழிபாடு நடக்கும் ஆலயங்களும் இதற்கு விலக்காயின.

1917-இல் சஸ்ஸெக்ஸிலுள்ள போடியம் கோட்டையையும் அவர் வாங்கினார். 1385-இல் அரசரின் அனுமதி பெற்று சர் எட்வர்ட் டாலின்கிரிக் கட்டியது அது. அகழியின் நீரை இறைத்துச் சேற்றை வாருவித்தார். சுவர்களைப் பிளக்கும் செடிகொடிகளைக் களைவித்தார். ஆனால் இடிந்த உட்பகுதியைப் புதிதாய்க் கட்டினாரல்லர். நின்றவை நிலைக்குமாறு பழுது பார்த்ததோடு அமைந்தார்.

1925-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் கர்ஸன் காலமானார். தாம் வாங்கிக் காத்த இரு கோட்டைகளையும் தம் குடும்பத்தார்க்கு விடாமல், நாஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்திற்கு எழுதி வைத்தார். இன்றும் அந்நிலையமே அவற்றைப் பேணி வருகின்றது.

முன்னோர் விட்டுச்சென்றவற்றிற்கு நாம் எசமானரல்லேம். கணக்கொப்புவிக்க வேண்டிய உக்கிராணக்காரரே. நாட்டு மக்களை ஆளுகையில் இவ்வுண்மையைக் கர்ஸன் மறந்தார். கோட்டைகளின் திறத்தில் அதனை மறந்தாரல்லர். அவரது வாழ்வின் இவ்விரு பகுதிகளும் நமக்குப் பாடமாகுக.