மக்காவுக்கு நீர் தந்த மாதரசி

கலீபா ஹாரூன் அர்-ரஷீத் என்றதும் பக்தாத் அரண்மனையின் ஆடம்பரம் நம் நினைவுக்கு வரும். அவருடைய மனைவியாரை உலகம் நினைவுகூர்வதோ தண்ணீரைக் கொண்டு.

அவருடைய இயற்பெயர் அமதுல் அஸீஸ். பக்தாத் நகரை நிறுவிய கலீபா மன்ஸூரின் பேத்தியான அவருக்கு, பாட்டனார் இட்ட செல்லப் பெயரே ஸுபைதா. ஹிஜ்ரி 165இல் ஹாரூனுக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். அவரது மாளிகையில் பணிப்பெண்கள் குர்ஆன் ஓதும் ஓசை தேன்கூட்டின் ரீங்காரம்போல் கேட்குமாம்.

அக்கால மக்காவில் தண்ணீர் பெரும் தட்டுப்பாடு. ஹஜ் காலத்தில் ஒரு தோற்பை நீர் ஒரு தீனாருக்கு விலைபோனதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஏழை ஹாஜி என்ன செய்வார்? ஹஜ்ஜுக்குச் சென்ற ஸுபைதா அம்மையார் இந்நிலையை அறிந்தார். ஹுனைன் பகுதித் தோட்டங்களை விலைக்கு வாங்கி, அவற்றைச் செழிக்கச் செய்த ஊற்றுநீரை மக்காவுக்குத் திருப்பினார். அரபாத் பக்கமுள்ள நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்தும் கால்வாய் வெட்டப்பட்டது. பாறையைக் குடைந்து, நீர் தானாக இறங்கியோடும்படி சரிவு அமைத்து, துப்புரவு செய்ய இடையிடையே கிணறு போன்ற திறப்புகளும் விட்டனர். செலவு அதிகமாகும் எனப் பொறுப்பாளர் தயங்கியபோது, கோடரியின் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு தீனார் ஆனாலும் வேலை நிற்கக்கூடாது என அம்மையார் பணித்தாராம். 17 இலட்சம் தீனார் செலவானதாக மஸ்ஊதி குறிப்பிடுகிறார்.

கூபாவிலிருந்து மக்கா வரையான சுமார் 1,400 கிலோமீற்றர் பாலைவழியிலும் அவர் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைத்தார். அவ்வழிக் குளங்கள் சிலவற்றின் முன்னே சிறு தொட்டியொன்று இருக்கும். வெள்ளநீர் அதில் வண்டலை இறக்கிவிட்டுத் தெளிந்தே குளத்தில் சேரும். அந்தப் பழம் பாதைக்கு ‘தர்பு ஸுபைதா’ என்ற பெயர் நிலைத்தது.

இத்தகைய பெருமாட்டிக்கும் சோதனை வந்தது. ஹாரூனின் மறைவுக்குப் பின் மக்களிடையே ஆட்சிப்போர் மூண்டு, ஹிஜ்ரி 198இல் அவருடைய ஒரே மகன் அமீன் கொல்லப்பட்டார். மாற்றாள் மகனான மஃமூன் கலீபாவானார். அவர் பூரானை மணந்த வேளையில், மணமகள் கேட்ட வரங்களுள் ஒன்று, ஸுபைதா அம்மையாருக்கு ஹஜ் செய்ய அனுமதி வேண்டும் என்பது. மக்காவின் தாகம் தீர்த்தவர், மக்கா செல்லப் பிறர் அனுமதிக்குக் காத்திருந்தார்!

ஹிஜ்ரி 216இல் பக்தாதில் அவர் இறையடி சேர்ந்தார். பின்னர் கால்வாய் பலமுறை தூர்ந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ அதைத் தோண்டித் துப்புரவு செய்தனர். 16ஆம் நூற்றாண்டில் அதைச் செப்பனிடப் பொருளுதவி செய்தவரும் ஒரு பெண்ணே: உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமாஹ். 20ஆம் நூற்றாண்டு வரையும் ‘ஐனு ஸுபைதா’ மக்காவுக்கு நீர் தந்தது.

மகனும் ஆட்சியும் கைவிட்டுப் போயின. அவர் கொடுத்த தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஸதக்கத்துல் ஜாரியா என்பதன் பொருள் இதுவன்றோ, சகோதரிகளே!