பின்னின்று காத்த பெருவீரர் கோஷ்ட பால்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்குத் தெற்கே, சங்கராபரணி ஆற்றின் கரையில் அமைந்த திருவக்கரை என்னும் சிற்றூர் யான் பிறந்த ஊராகும். சந்திரமௌலீசுவரர் திருக்கோயிலாலும், ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் தழைத்து நின்று பின்னர்க் கல்லாய்ச் சமைந்த மரங்களாலும் அவ்வூர் பெயர் பெற்றது. அக்கல்மரங்கட்கு அணித்தாய செம்மண் வெளியில் யாங்கள் சிறுபோழ்தில் வெறுங்காலுடன் பந்து உதைத்து விளையாடினோம். ஆட்டத்திற்கு ஆள் பிரிக்குங்கால் விரைந்து ஓட வல்லார் முன்னணிக்குச் செல்வர். ஓட மாட்டாதவனைப் பின்னே நிறுத்துவர். ஆதலின் பின்னே நிற்றல் ஒருவகை ஒறுப்பு என்றே எங்கட்குத் தோன்றியது.

அவ்வெண்ணம் கல்லூரிக்கு வந்த பின்னும் என்னை விட்டு அகலவில்லை. சென்ற ஆண்டு வகுப்புகட்கிடையே நடந்த பந்தயம் ஒன்றில் என்னைப் பின்காவலனாக நிறுத்தினர். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, யானும் ஒரு கோல் அடித்துப் பெயர் பெறல் வேண்டும் என்னும் ஆசை மேலிட, என் இடத்தை விட்டு முன்னோடினேன். பந்து என்னைக் கடந்து சென்றது, யான் விட்டு வந்த வெற்றிடத்தின் வழியே எதிரணியார் புகுந்து கோல் அடித்தனர், தோற்றோம். தோழர் ஒருவரும் என்னைக் கடிந்திலர். அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிற்று. அத்துன்பம் ஆறாத நாட்களில் யான் தேடிப் படித்த வரலாறே ஈண்டு எழுதப் புகுந்த கோஷ்ட பாலரின் வரலாறாகும்.

கோஷ்ட பால் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள், கீழை வங்காளத்துப் பரீத்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த போஜேசுவர் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தின்கண் உள்ளது. இளமையிலேயே கல்கத்தாவை அடைந்த அவர், நகரின் வடபாலுள்ள குமார்துலிப் பகுதியிற் பந்தாடிப் பழகினார். அந்நாளில் கல்கத்தாவின் பெருவெளியாகிய மைதானம், வெள்ளையர் கழகங்களும் ஆங்கிலப் படைப்பிரிவுகளும் கோலோச்சிய களமாயிருந்தது. 1889-ல் தோன்றிய மோகன் பகான் என்னும் இந்தியர் கழகம் அக்களத்தில் மெல்ல மெல்லத் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அக்கழகத்திற்கு 1911-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் பெருநாளாய் விடிந்தது. அன்று நடந்த ஐ. எப். ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணியினர் கிழக்கு யார்க்ஷயர்ப் படைப்பிரிவினரை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றனர். வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலர். பூட்சு அணிந்து ஆடியவர் ஒருவரே. அவ்வொருவர் சுதீர் சாட்டர்ஜி. அவர் பவானிப்பூர் இலண்டன் மிஷன் கல்லூரியில் ஆசிரியராயிருந்த கிறிஸ்தவர்; பின்னாளில் குருப்பட்டமும் பெற்றவர். நம்மனோர் கல்லூரி போன்ற ஒன்றில் வகுப்பு நடத்திய ஒருவர் அவ்வணியில் ஆடினார் என்பதும், ஆடிய இடம் பின்காவலர் இடமே என்பதும் நாம் நினைந்து மகிழத்தக்கன. ஆயினும் அன்று கோல் அடித்த சிவதாஸ் பாதுரியையும் அபிலாஷ் கோஷையும் அறிந்தார் பலர். பின்னின்று காத்தாரை அறிந்தார் சிலரே.

இவ்வெற்றிக்கு ஓரிரண்டு ஆண்டுகளின் பின், பதினாறு வயதளவில், கோஷ்ட பால் மோகன் பகான் கழகத்திற் சேர்ந்தார். சேர்ந்தது முதல் ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகள் அக்கழகத்திற்கே உழைத்தார். அவர் தமதாகக் கொண்ட இடம் ஆங்கிலத்தில் புல்பேக் எனப்படும் பின்காவலர் இடம்.

அவ்விடத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அக்காலத்து அணிவகுப்பில் முன்னணியில் ஐவர், இடையணியில் மூவர், அவர்க்குப் பின்னே காவலர் இருவர், ஈற்றில் கோல் காவலர் ஒருவர் நிற்பர். முன்னவர் எட்டுப் பேரையும் கடந்து பந்து வந்துவிடின், அதனைத் தடுக்கும் பொறுப்பு இவ்விருவர் தலையிலேயே வீழும். தடுத்தலோடு அவர் தொழில் முடிந்துவிடுவதில்லை. பறித்த பந்தைத் தம் முன்னணியார்க்கு வாய்ப்பாக அனுப்பி, அவர் அஞ்சாது முன்னேறுதற்கு வழி செய்தலும் அவர் கடனே.

நம் தமிழ்ப் பொருளிலக்கணத்தில் இந்நிலைக்கு ஒரு பெயர் உண்டு. தும்பைத் திணையில் எருமை மறம் என ஒரு துறை வகுத்தனர் முன்னோர். தன் படை நிலைகுலைந்து பின்வாங்குங்கால், ஒரு வீரன் மட்டும் அதன் பின்னே நின்று, துரத்தி வரும் பகைவரைத் தனியே தாங்குதல் அத்துறையின் பொருள். பகைவரைத் துரத்திச் செல்வானைப் பாடிய புலவர், பின்னின்று தாங்குவானையும் பாடத் தவறினாரல்லர். புறப்பொருள் பயின்றார்க்குக் கோஷ்ட பாலரின் பெருமை எளிதில் விளங்கும்.

அமெரிக்க நாட்டுக் கால்பந்தாட்டம் நம் ஆட்டத்தின் வேறானது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. அதன்கண்ணும் புல்பேக் என்னும் பெயருடையான் ஒருவன் உளன். முதற்கண் வரிசைக்கு மிகப் பின்னே நின்றமையால் அவன் அப்பெயர் பெற்றான். காலப்போக்கில் அவன் பணி மாறியது. பந்து ஏந்தி ஓடுவானுக்கு முன்னே பாய்ந்து, எதிர்ப்படுவாரைத் தன் உடலால் மோதித் தடுத்து, வழி திறந்துவிடுதல் அவன் தலையாய தொழிலாயிற்று. பந்தை எறிவானைத் தாக்க வருவாரைத் தடுப்பவனும் அவனே. 1946-ல் கிளீவ்லாந்து பிரவுன்சு அணியிற் சேர்ந்த மாரியன் மாட்லி என்னும் நீக்ரோவர் வீரர், பந்தெறிவதில் வல்ல ஆட்டோ கிரகாம் என்பாரை இவ்வாறு காத்துப் புகழ் பெற்றார். பந்து தன் கையில் இல்லாதபோது செய்யும் தொழிலே அவனுக்குப் பெரிது. ஆட்டம் வேறாயினும் அறம் ஒன்றே.

நிற்க. கோஷ்ட பாலர் எதிர்த்து நின்றவர் யாவர்? பெரும்பாலும் ஆங்கிலப் படைவீரர்; உடல் வலியும் ஒழுங்கான பயிற்சியும் கனத்த பூட்சும் உடையவர். அந்நாளைய விதிப்படி தோளோடு தோள் மோதுதல் குற்றமன்று. அத்தகையார் ஓடி வருங்கால் வெறுங்காலைக் குறுக்கே நீட்டிப் பந்தைப் பறித்தல் எத்துணை நெஞ்சுரம் வேண்டும் செயல் என்பதைக் கால்விரல் நசுங்கியவரே அறிவர். உலர்ந்த தரையில் வெறுங்காலுக்கு ஒரு நலம் உண்டு. விரைந்து திரும்பலாம், பந்தின் தன்மையைக் காலால் உணரலாம். மழை பெய்து சேறு பட்ட தரையிலோ, பூட்சின் அடியிலுள்ள குமிழ்கள் மண்ணைப் பற்றும், வெறுங்கால் வழுக்கும். கல்கத்தாவில் ஆட்டக்காலமும் மழைக்காலமும் ஒன்றாய் அமைந்தமை வெறுங்காலர்க்குற்ற பெருந்தடையாகும்.

இத்துணைத் தடைகட்கிடையே அவர் அசையாது நின்றார். அந்நிலை கண்ட ஆங்கிலப் பத்திரிகையாளர் அவரைச் சீனப் பெருஞ்சுவர் என்று அழைத்தனர். எதிர்த்தவர் வாயிலிருந்தே எழுந்த அப்பட்டம் அவர் வாழ்நாள் முழுதும் நிலைத்தது. 1921-ல் அவர் மோகன் பகான் அணித்தலைவராகி, ஐந்தாண்டுகள் அப்பொறுப்பைத் தாங்கினார். கிரிக்கெட்டு, ஹாக்கி, டென்னிசு முதலிய ஆட்டங்களிலும் அவர் பயிற்சியுடையர்.

1925-ஆம் ஆண்டில் ஆட்டவிதி ஒன்று மாறியது. அதற்கு முன், முன்னணியாளன் ஒருவனுக்குப் பந்து அனுப்பப்படுங்கால் அவனுக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியார் மூவராவது இருத்தல் வேண்டும். இன்றேல் அது ஆப்சைடு என்னும் குற்றமாகும். ஆகவே பின்காவலருள் ஒருவர் சிறிது முன்னே நடந்துவிடினும் எதிரி அக்குற்றத்திற் சிக்குவான். புதிய விதி மூவர் என்பதை இருவர் என மாற்றியது. கோல்கள் பெருகின, பின்காவலரின் சுமையும் பெருகிற்று. இங்கிலாந்தில் இடையணியின் நடுவாளனைப் பின்னே இழுத்து மூன்றாம் காவலனாக்கும் முறை பரவியது. கோஷ்ட பாலரோ பழைய விதியிலும் புதிய விதியிலும் ஆடி, இரண்டிலும் தம் பெயரை நிலைநாட்டினார்.

இனி யான் சொல்லப் புகுவது படிப்பார்க்கு வியப்பளிக்கும். இப்பெருவீரர் ஆடிய காலமெல்லாம் மோகன் பகான் கழகம் ஐ. எப். ஏ. கேடயத்தை ஒருமுறையேனும் வென்றிலது. கல்கத்தா லீகின் முதற் பிரிவிலும் முதலிடம் பெற்றிலது. 1923-ல் கேடய இறுதியாட்டம் வரை சென்றது. மழையில் நனைந்த தரையில் கல்கத்தாக் கழகத்தாரிடம் மூன்று கோல்களால் தோற்றது. அவ்வாண்டே பம்பாயில் ரோவர்சு கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டியும், தர்ஹாம் படைப்பிரிவினரிடம் தோற்றது. அக்கழகம் முதன்முதல் லீகை வென்றது 1939-ல். கேடயத்தை மீண்டும் வென்றது 1947-ல். 1911-ன் வெற்றிக்குப் பின்னே அவர் வந்தார். 1939-ன் வெற்றிக்கு முன்னே சென்றார். இரு பெரு வெற்றிகட்கு நடுவே கிடந்த நீண்ட வறட்சியில் அக்கழகத்தின் மானத்தைத் தாங்கி நின்றவர் அவரே. வென்றவன் பெயரையே உலகம் நினைக்கும் என்பார், இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பாராக.

1933-ல் இந்திய அணி ஒன்று இலங்கைக்குச் சென்று ஆடியபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் கோஷ்ட பாலரே. அதற்குச் சில ஆண்டுகளின் பின் அவர் களத்தினின்றும் ஓய்வு பெற்றார். நாடு விடுதலை பெற்ற பின், 1948-ல் இலண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் பிரான்சு அணியை எதிர்த்து ஆடி, இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் தோற்றும் உலகோரால் பாராட்டப்பெற்றனர். அவ்வணியின் தலைவராகிய நாகர் குலத்து மருத்துவர் தாலிமெரன் ஆவோவும் பின்னின்று காக்கும் பணியிற் சிறந்தவரே. கோஷ்ட பாலர் காத்த மரபு அவரோடு அழிந்துபடவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

1962-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பந்தாட்ட வீரருள் அவ்விருதை முதலிற் பெற்றவர் அவர். 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், தம் எண்பதாம் அகவை நிறைவதற்குச் சில திங்கள் முன், அவர் காலஞ்சென்றார். கல்கத்தா மைதானத்தின் அருகே 1984-ல் அவருக்குச் சிலை எடுத்தனர். அங்குள்ள சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்குகின்றது. 1998-ல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையும் வெளிவந்தது. முன்னணியில் நின்று கோல் மழை பொழிந்தார் பலர்க்கும் வாய்க்காத சிறப்பு, பின்னின்று காத்த இவர்க்கு வாய்த்தது.

இவ்வரலாற்றைப் படித்த பின் விடுமுறைக்குத் திருவக்கரை சென்றேன். பழைய செம்மண் வெளியிற் சிறுவர் ஆட்டத்திற்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தனர். மெலிந்த சிறுவன் ஒருவனைப் பின்னே போகுமாறு பணித்தனர். அவன் தலை குனிந்து நடந்தான். யான் அவனை அழைத்து, கல்மரம் ஒன்றன்மீது அமர்ந்து, வங்காளத்து வெறுங்கால் வீரர் ஒருவரின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்தவன் ஒன்றும் பேசாது எழுந்து, இரண்டு செங்கற்களுக்கு முன்னே தன் இடத்திற் போய் நின்றான். இம்முறை அவன் தலை நிமிர்ந்திருந்தது.

இவ்வாண்டும் வகுப்புப் பந்தயங்கள் வருகின்றன. பின்காவலர் இடத்தை எனக்கே தருமாறு தோழரைக் கேட்டிருக்கின்றேன்.