முடங்கியோர்க்கு வாழ்வளித்த டாக்டர் குட்மன்

1917ஆம் ஆண்டு. அந்நாளைய ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்த மருத்துவமனையில், முதுகெலும்பு முறிந்த தொழிலாளி ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் பிழைக்கமாட்டார் என மருத்துவர்கள் கைவிட்டனர். சில வாரங்களில் அவர் மாண்டார். அங்குத் தொண்டு செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவரின் நெஞ்சில் அக்காட்சி ஆழப் பதிந்தது. அவரே லுட்விக் குட்மன்.

1899ஆம் ஆண்டு பிறந்த குட்மன், பின்னர் நரம்பியல் மருத்துவராகப் புகழ்பெற்றார். யூதராகப் பிறந்த காரணத்தால் நாஜிகளின் ஆட்சியில் துன்புற்று, 1939ஆம் ஆண்டு குடும்பத்துடன் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

1944ஆம் ஆண்டு, ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு சிதைந்த போர்வீரர்களைப் பேணும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தகையோரின் உயிரைப் பறித்தவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, இரவு பகல் பாராது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். அது முறையாக நடைபெறுகிறதா என நள்ளிரவிலும் தாமே சென்று கண்காணித்தார்.

உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா? உழைத்து, மதிப்போடு வாழ வேண்டாமா? ஆதலின், தச்சு வேலையும் கடிகாரம் பழுதுபார்த்தலும் அவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். விளையாட்டையும் மருந்தாக்கினார். 29.7.1948இல், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தனர். அச்சிறு போட்டியே 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் உலகப் போட்டியாக வளர்ந்தது; இன்று பாராலிம்பிக் எனப் போற்றப்படுகிறது.

1980ஆம் ஆண்டு குட்மன் மறைந்தார். மாணவச் செல்வங்களே! கைவிடப்பட்ட ஒரு தொழிலாளியை மறவாத நெஞ்சம், பல்லாயிரவரைக் காத்தது. நாமும் எவரையும் கைவிடாதிருப்போமாக!