ஒளி மாறும் நட்சத்திரம் கண்ட ரகுநாதாச்சாரியார்

1867-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடம்.

தெற்கு அடிவானத்தை ஒட்டிய ஒரு நட்சத்திரம் ஒளி மாறுவது அங்கே கண்டறியப்பட்டது. கண்டவர் வெள்ளைக்காரத் துரை அல்லர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்!

அரசாங்க வானநூலாராக 1861-இல் சென்னை வந்தவர் நார்மன் பாக்ஸன். நட்சத்திர ஒளியைத் தரம் பிரிக்க இன்றும் உலகம் பின்பற்றும் அளவுமுறையை வகுத்தவர் அவரே. அவருக்கு முதல் உதவியாளராக விளங்கினார் ரகுநாதாச்சாரியார்.

இரவெல்லாம் கணக்கு

வேலை கடினமானது. ஒவ்வொரு நட்சத்திரமும் உச்சக் கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். இடத்தை அளக்க வேண்டும். ஒளியை மதிப்பிட வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் அளந்து பட்டியல் தயாராயிற்று.

அந்த உழைப்பில் அகப்பட்டதே அவருடைய நட்சத்திரம். ரெட்டிகுலம், அதாவது சிறு வலை என்ற நட்சத்திரக் கூட்டத்தில் அது உள்ளது. சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே 14 பாகைதான் ஏறும். நீட்டிய கைக்கு ஒரு சாண்கூட இல்லை! சுமார் 280 நாளுக்கு ஒருமுறை அது பெருகி மங்குகிறது.

1872-இல் லண்டன் ராயல் வானநூல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

பஞ்சாங்கப் போர்

பெருமையோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. பழைய வாய்பாட்டை வைத்துக் கணித்த பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துப்போகவில்லை. கண்ணால் கண்டு கணக்கைத் திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி. அதன்படி திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். வழிவழி வந்த கணக்கைத் தொடுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. அவர் அசையவில்லை.

1874 டிசம்பர் 9-ஆம் தேதி சுக்கிரன் சூரியனைக் குறுக்கே கடந்தது. அதைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் நூல் எழுதினார். நம்மவர்களே நடத்தும் ஒரு வானாய்வுக் கூடம் வேண்டும் என்று வாதாடினார். அந்த ஆசை நிறைவேறாமலே 1880-இல் காலமானார்.

வலையில் சிக்கிய குட்டி அண்டம்

அவர் நட்சத்திரம் கண்ட அதே ரெட்டிகுலம் 2015-இல் மீண்டும் உலகின் கவனத்தை இழுத்தது. நம் பால்வீதியைச் சுற்றும் ஒரு துணை அண்டம் அத்திசையில் தென்பட்டது. ரகுநாதாச்சாரியாரின் நட்சத்திரம் பால்வீதியைச் சேர்ந்தது. இந்தக் குட்டி அண்டமோ அதற்கு வெகு அப்பால், சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் மொத்த ஒளி சில ஆயிரம் சூரியன்களின் அளவே!

இரும்பு முதலான உலோகங்கள் நட்சத்திரங்களுக்குள் விளைந்து, அவை வெடிக்கும்போது வெளியே சிதறுபவை. பின்னர்ப் பிறக்கும் நட்சத்திரங்கள் அவற்றைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே உலோகம் குறைந்தது என்றால் பெரும்பாலும் பழையது என்று பொருள். இந்த அண்டத்தின் நட்சத்திரங்களில், சூரியனில் உள்ள இரும்பில் சில நூறில் ஒரு பங்குதான் உண்டு. ஆதிகாலத்தின் மிச்சம் அது.

இத்தனை மங்கலானதை எப்படிப் பிடித்தார்கள்? சிலி நாட்டுத் தொலைநோக்கி எடுத்த படங்களில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் இடத்தையும் ஒளியையும் அளந்து பட்டியலிட்டார்கள். ஓரிடத்தில் எண்ணிக்கை சற்றே மிகுந்தது. மறைந்திருந்த அண்டம் அகப்பட்டது.

நுங்கம்பாக்கத்தில் ரகுநாதாச்சாரியார் செய்ததும் அதே வேலைதான். கருவி மாறிற்று, பொறுமை மாறவில்லை.

இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நின்று ஜனவரி முன்னிரவில் தெற்கே பார்த்தால், சென்னை விளக்குகளின் வெளிச்சம் அடிவானத்தை மூடிக்கொள்கிறது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, பஞ்சாங்கக் குடும்பத்துப் பிள்ளை கண்ட அந்தச் சிறு வலை!