மரத்தை வெட்டி காட்டை வளர்த்தவர்

காட்டைக் காப்பாத்தணும்னா மரத்தை வெட்டக் கூடாதுன்னுதான் சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்திருக்கோம். ஆனா இளங்காட்டுல சில மரங்களை வெட்டினாத்தான் மத்தது உருப்படும்னு சொல்லி, அதையே பாடமா நடத்தின ஒருத்தர் இருந்தார். பெயர் ஹைன்ரிக் கோட்டா.

1763 அக்டோபர் 30-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தார். அப்பா வனத்துறை வேலையில் இருந்ததால் காடுதான் முதல் வகுப்பறை. பிறகு யேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். காடுகளை சர்வே செய்யும் வேலைக்குப் போனவரைச் சுற்றி, தொழில் கத்துக்க இளைஞர்கள் சேர்ந்தாங்க. அதுவே பள்ளிக்கூடமாச்சு.

அந்தக் காலத்தில் அடுப்பு, வீடு, சுரங்கம் எல்லாத்துக்கும் மரம்தான். வெட்டி வெட்டி காடு தேய்ந்து, மரப் பஞ்சம் வந்துடுமோன்னு அரசுகள் பயந்தன. 1811-ல் சாக்சனி அரசு கோட்டாவை அழைத்தது. மாணவர்களையும் கூட்டிக்கிட்டு டிரெஸ்டன் பக்கத்தில் இருக்கிற தாரண்ட் ஊருக்கு வந்து சேர்ந்தார். 1816-ல் அந்தப் பள்ளி அரசு வனக் கல்லூரி ஆனது.

இளங்காட்டை எப்போ கலைச்சு விடணும்ங்கிறதுதான் அன்றைய பெரிய விவாதம். இன்னொரு வன மேதை ஹார்டிக், மேல்விதானம் திறந்துடக் கூடாது, நசுங்கிப் போன மரங்களை மட்டும் எடுத்தா போதும் என்றார். கோட்டாவோ, நசுங்கும் வரை காத்திருந்தா ஜெயிச்ச மரமும் போட்டியிலேயே பலத்தை இழந்துடும், அதனால முன்னாடியே ஆரம்பிக்கணும் என்றார்.

காரணம் எளிமையானது. ஒரு நிலத்தில் கிடைக்கிற வெளிச்சம், தண்ணீர், சத்து எல்லாம் ஓர் அளவுக்குத்தான். ஆயிரம் மரம் பங்கு போட்டா எல்லாம் குச்சியா நிக்கும். சிலதை எடுத்துட்டா, மீதி மரங்களின் கிளை விரியும், வேர் பரவும், தண்டு பருக்கும். உயரம் பெருசா மாறாது. மொத்த மர விளைச்சலும் ஏறிடாது. அதே வளர்ச்சி குறைவான, தடிமனான மரங்களில் சேரும், அவ்வளவுதான். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு இது சட்டுன்னு புரியும்: ஒல்லியான நெட்டைத் தூண் சீக்கிரம் வளையும். பனி பாரத்திலும் காற்றிலும் மரத்துக்கும் அதே கதி. அதுக்காக ஒரேயடியா நிறைய வெட்டினா, பக்கத்துத் துணை போய் மீதி மரமும் காத்துல சாயும். கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை செய்யணும்.

சிக்கல் என்னன்னா, இளசா வெட்டின குச்சி விலை போகாது, கூலி மட்டும் செலவாகும். பலன் பல வருஷம் கழிச்சுத்தான். அதனாலதான் பலரும் தள்ளிப் போடுறாங்க, காடும் நெருக்கத்திலேயே நோஞ்சானா நின்னுடுது.

கோட்டாவின் 80-வது பிறந்தநாளுக்கு 80 ஓக் மரங்கள் நட்டாங்க. அடுத்த வருஷம், 1844 அக்டோபர் 25-ல் அவர் இறந்தப்போ, அந்த மரங்களுக்கு நடுவிலேயே அடக்கம் செய்தாங்க. அவர் தொடங்கின கல்லூரி இப்போ டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வனவியல் பிரிவு. அதே தாரண்ட்ல இன்னிக்கும் வகுப்பு நடக்குது.