மண் குவளையும் சுழற்பந்தும்
(பல்வாங்கர் பாலுவின் வாழ்க்கை வரலாறு)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் முடியும் கோலும் தாங்கிய மன்னர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். வாளேந்திப் போரிட்டோர் வரலாறு உண்டு. எழுதுகோல் ஏந்திப் போரிட்டோர் வரலாறும் உண்டு. கையிலே ஒரு சிவப்புப் பந்தை மட்டும் ஏந்தி, இந்நாட்டின் மிகப் பழைய கொடுமையோடு வாழ்நாள் முழுதும் மோதிய ஒருவரின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மாலை நேரத்தில் நம் கல்லூரித் திடலைப் பாருங்கள். அறுவடை முடிந்த கச்சிராயபாளையத்து வயல்களைப் பாருங்கள். கல்வராயன் மலையிலே, வெள்ளிமலைப் பக்கம், கொஞ்சம் சமமான தரை கிடைத்தால் போதும். மூன்று குச்சிகள் நடப்பட்டுவிடும். மட்டையைப் பிடிக்க எல்லோரும் முந்துவார்கள். பந்து வீச யாராவது ஒருவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பந்து வீசுவதற்கென்றே அழைக்கப்பட்ட ஒரு வேலைக்காரச் சிறுவன்தான் பின்னாளில் இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளரானான். அவர் பெயர் பல்வாங்கர் பாலு.

பிறப்பும் இளமையும்

பாலு 1876ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். பல்வான் என்னும் ஊரைக் குறிப்பதே பல்வாங்கர் என்ற குடும்பப் பெயர். தோல் தொழிலுக்குரியதென்று ஒதுக்கப்பட்ட சமூகம் அவருடையது. ஊரின் எல்லைக்கு வெளியே வாழ வேண்டும், கிணற்றைத் தொடக்கூடாது, கோயிலுக்குள் நுழையக்கூடாது. அந்தக் காலத்தில் இத்தகைய குடும்பங்களுக்கு ஊர்க் கட்டுப்பாட்டிலிருந்து சிறிது விடுதலை தந்தது படைமுகாம் வாழ்க்கைதான். பாலுவின் குடும்பமும் படைமுகாம் நிறைந்த பூனா நகரில் தங்கியது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடி முடித்துவிட்டுப் போட்ட பழைய மட்டையும் பந்தும் கொண்டு பாலுவும் அவர் தம்பிகளும் ஆடிப் பழகினார்கள்.

வறுமை அவரைப் பள்ளியில் நெடுங்காலம் இருக்க விடவில்லை. பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் சங்கத்தில் ஆடுகளத்தைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் மூன்று ரூபாய். பின்னர் 1892ஆம் ஆண்டளவில் ஐரோப்பியர்களின் பூனா சங்கத்தில் நான்கு ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். தரையைப் பெருக்குவது, வலை கட்டுவது, ஆடுகளத்தைச் சமன் செய்வது ஆகியவையே அவருடைய பணிகள். ஓய்வு நேரத்தில் துரைமார்கள் பழகுவதற்காகப் பந்தும் வீசுவார்.

பந்து வீசக் கற்ற விதம்

அச்சங்கத்தில் ஜே.ஜி. கிரெய்க் என்றோர் ஆங்கிலேய அதிகாரி இருந்தார். அன்றைய இந்தியாவில் ஆடிய ஐரோப்பியர்களுள் தலைசிறந்த மட்டையாளர் அவர். ஒரு மணி நேரம் முன்னதாகவே மைதானத்துக்கு வந்து, பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பழகுவார். பாலு தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. மாதம் நான்கு ரூபாய் பெற்றவருக்கு எட்டணா என்பது ஏறத்தாழ நான்கு நாள் ஊதியம்! இதைவிடச் சிறந்த ஆசிரியர் வேறு யார் வேண்டும்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மணி நேரம் அவர் பந்து வீசினார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கு அங்கே தரப்படவேயில்லை. மட்டை பிடிப்பது சீமான்களின் உரிமை. வியர்வை சிந்திப் பந்து வீசுவது கூலிக்காரனின் கடமை. இங்கிலாந்திலும் இதுவே வழக்கம். அங்கே பொழுதுபோக்குக்காக ஆடும் கனவான்களும் கூலிக்காக ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் தனித்தனி வாயில் வழியாகக் களமிறங்கினார்கள். அந்தப் பாகுபாடு 1962ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது.

பாலு இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசுபவர். அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடமே இருக்கிறது. சுழன்று செல்லும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துச் செல்கிறது. ஒரு பக்கம் காற்று விரைவாகவும் மறுபக்கம் மெதுவாகவும் கடப்பதால் அழுத்த வேறுபாடு உண்டாகிப் பந்து காற்றிலேயே விலகுகிறது. இதையே மேக்னஸ் விளைவு என்கிறோம். தரையைத் தொட்டதும் உராய்வு அதே சுழற்சியைப் பிடித்துப் பந்தை வேறு பக்கம் திருப்புகிறது. இடக்கைச் சுழற்பந்து வலக்கை மட்டையாளரின் கால் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நழுவும். அவன் மட்டை போன இடத்தில் பந்து இராது! பாலு இருபுறமும் பந்தைத் திருப்ப வல்லவர். வேகத்தையும் உயரத்தையும் மாற்றி மாற்றி வீசுபவர். அன்றாடம் உருளை இழுத்தவருக்கு மண்ணின் குணம் தெரியாமலா இருக்கும்? எந்த இடத்தில் ஈரம், எந்த இடத்தில் வெடிப்பு என்பதை அவர் கால்களே அறிந்திருக்கும்.

மண் குவளை

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியர்களை வெல்லத் துடித்தார்கள். வெல்வதற்குப் பாலு வேண்டும். பாலுவைச் சேர்த்தாலோ தீட்டு! நெடுநேரம் வாதிட்ட பின், ஆசை ஆசாரத்தை வென்றது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். ஒரே பந்து பத்துக் கைகள் மாறியது. ஆனால் தேநீர் இடைவேளை வந்ததும் உலகம் மாறிவிடும். மற்றவர்கள் கூடாரத்துக்குள்ளே பீங்கான் கோப்பைகளில் தேநீர் அருந்துவார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்தபின் தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர். உணவும் தனியிடத்தில். முகம் கழுவ நீர் வேண்டுமென்றாலும் அவர் சமூகத்தைச் சேர்ந்த வேலையாள் ஒருவர்தான் கொண்டு வந்து ஊற்ற வேண்டும்.

இரட்டைக் குவளை என்ற சொல்லை நம் தமிழ்நாட்டுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தேநீர்க் கடைகளில் அது எத்தனை காலம் இருந்தது என்பதை நம் பாட்டன்மார் அறிவார்கள். பாலு பருகியதும் அந்தத் தேநீர்தான்.

சாதாராவில் வெள்ளையர் சங்கத்தோடு ஆடச் சென்றபோது, பாலுவின் சுழல் எடுபடாதிருக்க ஒரு வாரம் ஆடுகளத்தை உருளையால் அழுத்தி வைத்தார்கள் என்பர். அப்படியும் அவர் விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஊர் திரும்பியபோது நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவரைப் பாராட்டினார். கூட ஆடத் தகுந்தவன் கூட உண்ணத் தகாதவனா என்ற கேள்வி அப்போதுதான் மெல்ல எழுந்தது.

பம்பாயில்

1890களின் இறுதியில் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் வேலை கிடைத்தது. அதன் அணிக்கும் ஆடினார். பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவும் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கும் தயங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் பெருநகரத்தில் கட்டுகள் சற்றுத் தளர்ந்திருந்தன. காலப்போக்கில் ஜிம்கானாவில் மற்றவர்களோடு ஒன்றாக அமர்ந்து உண்ணும் நிலை ஏற்பட்டது.

1906ஆம் ஆண்டு இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை எதிர்த்து ஆடியது. இந்துக்கள் 242, 160 ஓட்டங்கள். ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்கள். இந்துக்களுக்கு 109 ஓட்ட வெற்றி! அவ்வெற்றிக்குத் தூணாக நின்றவர்களுள் பாலு முதன்மையானவர். மறு ஆண்டும் வெற்றி தொடர்ந்தது. ஆள்வோரை ஆளப்படுவோர் பட்டப்பகலில், பல்லாயிரம் பேர் முன்னிலையில் வென்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வெற்றிக்குத் தீண்டப்படாதவர் என்று தள்ளப்பட்ட ஒருவரின் விரல்கள் காரணம் என்பதும் பேசப்பட்டது.

கடல் கடந்து

1911ஆம் ஆண்டு முதன்முதலாக அனைத்திந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் தலைவர். பல மதத்தார் சேர்ந்த அந்த அணியில் பாலுவும் அவர் தம்பி சிவராமும் இடம்பெற்றனர். மன்னரோ விருந்துகளுக்கும் விழாக்களுக்கும் சென்றுவிடுவார், அணி திணறியது. ஆடிய 23 ஆட்டங்களில் 6 வெற்றி, 15 தோல்வி. அத்தனை தோல்விக்கு நடுவிலும் 35 வயதுப் பாலு ஓயாமல் வீசினார். அப்பயணத்தில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த சராசரி ஓட்டம் 18.84. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒருநாள்கூடக் கல்லூரிக்குள் பயிலாத அவர், புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்கே பாடம் நடத்திவிட்டார்!

தாயகம் திரும்பியவரைப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் கொண்டாடினார்கள். அவரைத் தம் சமூகத்தின் பெருமையாகப் போற்றிய இளைஞர்களுள் பீமராவ் அம்பேத்கரும் ஒருவர்.

மறுக்கப்பட்ட தலைமை

பந்து வீசப் பாலு வேண்டும். தலைமை தாங்க மட்டும் வேண்டாம். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்த அநீதி நீடித்தது. அனுபவத்திலும் திறமையிலும் அவரை ஒப்பார் அணியில் இல்லை. ஆயினும் ஒவ்வோராண்டும் மேல்சாதியைச் சேர்ந்த வேறொருவரே தலைவரானார். தலைவரான எம்.டி. பை, இந்தப் பதவி பாலுவுக்கே உரியது என்று பெருந்தன்மையோடு சொன்னதும் உண்டு.

1920ஆம் ஆண்டு பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அப்போது அவர் தம்பிகள் சிவராமும் விட்டலும், தன்மானத்தை விற்று ஆட மாட்டோம் என்று அணியிலிருந்து விலகினார்கள். விலகிய காரணத்தை மக்கள் மன்றத்திலும் வைத்தார்கள். காந்தியடிகளின் தீண்டாமை எதிர்ப்பு நாட்டில் பரவிவந்த நேரம் அது. பொதுமக்கள் கருத்து திரும்பியது. சகோதரர்கள் அழைக்கப்பட்டார்கள், பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். தலைவர் பை ஆட்டத்தின் நடுவே களத்தைவிட்டு வெளியேறியபோது, சிறிது நேரம் பாலுவே அணியை நடத்தினார். 44 வயதில் கிடைத்த அந்தச் சிறு நேரமே அவர் கண்ட தலைமை.

1923ஆம் ஆண்டு தம்பி விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். ஐரோப்பியர்களை வென்று கோப்பையும் பெற்றார். அண்ணன் உழுத நிலத்தில் தம்பி அறுவடை செய்தார்.

முதல்தர ஆட்டங்களில் பாலு ஆடியவை 33 மட்டுமே. வீழ்த்திய விக்கெட்டுகள் 179, சராசரி 15.21. இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932இல் ஆடியபோது அவருக்கு வயது 56.

அரசியல் களம்

அதே 1932ஆம் ஆண்டு வேறொரு களம் அவரை அழைத்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்றார் அம்பேத்கர். கூட்டுத் தொகுதியே நல்லது என்ற அணியில் பாலு நின்றார். நம் தமிழகத்தின் எம்.சி. ராஜாவும் அந்த அணியிலேயே இருந்தார். காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகியோரோடு பாலுவும் ஒப்பமிட்டார். எந்தப் பூனாவில் மண் குவளையில் தேநீர் ஊற்றினார்களோ, அதே பூனாவில்!

1937ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள். பாலு 11,225 வாக்குகள். ஒரு காலத்தில் தம்மைப் போற்றிய இளைஞரிடம் முதியவர் தோற்றார். இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. இருவருடைய இலக்கும் ஒன்றே, வழிதான் வேறு. பொறுமையாக உள்ளே நுழைந்து கதவைத் திறந்தவர் ஒருவர். கதவையே உடைக்கச் சட்டம் பயின்றவர் மற்றொருவர். என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் படி வரை என்னைக் கொண்டுவந்ததில் இருவருக்குமே பங்குண்டு என்பதே என் எண்ணம்.

கடலுக்கு அப்பால் ஓர் ஒப்பீடு

இந்தக் கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பேஸ்பால் என்றோர் ஆட்டம். அதில் முதலில் பந்து வீசியவர் களைத்தாலோ தடுமாறினாலோ, இடையில் வந்து ஆட்டத்தைக் காப்பாற்ற மாற்று வீச்சாளர் ஒருவர் இறங்குவார். சாச்சல் பெய்ஜ் என்ற கறுப்பின வீச்சாளர் இளமை முழுவதையும் கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட போட்டிகளிலேயே கழித்தார். 1947இல் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்த பிறகு, 1948இல் 42ஆம் வயதில்தான் பெய்ஜுக்குப் பெரும்போட்டி ஆட வழி திறந்தது. அங்கே தோலின் நிறம். இங்கே பிறந்த சாதி. தடை எதுவாயினும், அது முதலில் பறிப்பது ஒரு மனிதனின் நல்ல ஆண்டுகளை. பறித்த ஆண்டுகளை எந்தப் பாராட்டு விழாவும் திருப்பித் தருவதில்லை.

முடிவுரை

1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் பம்பாயில் பாலு காலமானார். தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஜூன் முதல் நாள். மண் குவளை குற்றம் என்று நாடு எழுதி வைத்ததற்கும் அவர் மறைவுக்கும் இடையே இருந்தது ஒரே மாதம்தான்.

நண்பர்களே! இன்று காலம் மாறியிருக்கிறது. நமக்கு அண்டை மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியிலிருந்து எளிய குடும்பத்து நடராஜன் புறப்பட்டு, 2020-21இல் ஆஸ்திரேலிய மண்ணில் ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். நம் மலையடிவாரத்துத் திடல்களிலும் நாளைய வீரர்கள் இருக்கலாம். ஆனால் அணியில் சேர்ப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஆட்டம் முடிந்தபின் யாரோடு அமர்ந்து உண்கிறோம், யாரைத் தலைவராக ஏற்கிறோம் என்பதே சோதனை. விடுதியின் உணவுக் கூடத்திலும் மாணவர் தேர்தலிலும் நாம் அந்தச் சோதனையை அன்றாடம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பாலு வீசிய பந்து இன்னும் நம்மை நோக்கித்தான் சுழன்று வந்துகொண்டிருக்கிறது.