ஜார்ஜ் சைமன் ஓம்

ஜார்ஜ் சைமன் ஓம் (மார்ச் 16, 1789 – ஜூலை 6, 1854) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். மின்கடத்தியில் பாயும் மின்னோட்டத்துக்கும் அதன் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர். ஓமின் விதி எனப்படும் இத்தொடர்பு பள்ளிப் பாடநூல்களில் மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை என்னும் சமன்பாடாகத் தரப்படுகிறது. ஓம் முதலில் இதனை வேறொரு வடிவில் எழுதினார். மாணவர்களுக்கு இவ்விதி பற்றி எழும் ஐயங்கள் சிலவற்றுக்கு அவ்வடிவிலேயே விடை உள்ளது.

இளமைக் காலம்

இன்றைய பவேரியா மாநிலத்தில் உள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. தாமே முயன்று கற்ற கணிதத்தைத் தம் மகன்களுக்கும் கற்பித்தார். ஓமின் பத்தாவது வயதில் தாயார் இறந்தார். தம்பி மார்ட்டின் ஓம் பின்னாளில் கணிதவியலாளராக விளங்கினார்.

1805இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓம் மூன்று பருவங்களுக்குப் பின் விலகி, சுவிட்சர்லாந்தில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். 1811இல் எர்லாங்கனில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு விரிவுரையாளராகக் கிடைத்த வருமானம் போதாமையால் மீண்டும் பள்ளி ஆசிரியர் ஆனார். 1817இல் கொலோன் நகர ஜெசுயிட் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கச் சேர்ந்தார். அப்பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. கருவிகளைக் கையாளும் திறன் பூட்டுத் தொழிலாளியின் மகனுக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது.

மின்னோட்ட ஆய்வுகள்

மின்னோட்டம் காந்த ஊசியை விலகச் செய்யும் என்பதை 1820இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட் கண்டறிந்தார். ஊசி விலகும் அளவைக் கொண்டு மின்னோட்டத்தை அளக்கலாம் என்பதை ஓம் பயன்படுத்திக் கொண்டார். ஆம்பியர், வோல்ட் ஆகிய அலகுகள் அப்போது இல்லை.

1825இல் வெளியான அவரது முதல் கட்டுரை தவறான ஒரு மடக்கைச் சமன்பாட்டைத் தந்தது. அக்கால மின்கலங்களின் ஆற்றல், சுற்றை மூடியவுடன் மாறத் தொடங்கிவிடும். நிலையற்ற மூலத்தைக் கொண்டு நிலையான விதியைக் காண்பது அரிது. மின்கலத்துக்குப் பதிலாக வெப்பமின் இரட்டையைப் பயன்படுத்துமாறு ஆய்விதழ் ஆசிரியர் போகென்டார்ஃப் அறிவுறுத்தினார். பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்பமின் இரட்டையின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் ஓம் வைத்தார். இவ்விரு வெப்பநிலைகளும் மாறாதவை என்பதால் மின்னியக்கு விசையும் மாறாதிருந்தது. வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து, முறுக்குத் தராசில் தொங்கிய காந்த ஊசியால் மின்னோட்டத்தை அளந்தார்.

1826இல் அவர் பெற்ற முடிவு ஒரு பின்னமாகும். அதன் தொகுதி மின்மூலத்தைப் பொறுத்த மாறிலி. பகுதி இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகை: ஒன்று ஆய்வுக் கம்பியின் நீளம், மற்றொன்று சுற்றின் எஞ்சிய பகுதியைக் குறிக்கும் மாறிலி.

விதி பற்றிய ஐயங்கள்

மின்கலத்துடன் விளக்கை இணைத்தால் மின்கல முனைகளின் மின்னழுத்த வேறுபாடு ஏன் குறைகிறது என மாணவர்கள் கேட்பதுண்டு. மேற்கூறிய இரண்டாம் உறுப்பே இதற்கு விடை. மின்மூலத்துக்கும் மின்தடை உண்டு. இன்று இது அக மின்தடை எனப்படுகிறது. பாடநூலில் தனிப் பாடமாக வரும் இக்கருத்து ஓமின் முதற் சமன்பாட்டிலேயே அடங்கியிருந்தது.

எல்லாப் பொருள்களும் இவ்விதிக்கு உட்படுமா என்பது மற்றோர் ஐயம். மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்து எந்தப் பொருளுக்கும் மின்தடையைக் கணக்கிடலாம். அது வரையறை மட்டுமே. மின்னழுத்தத்தை மாற்றினாலும் அந்த ஈவு மாறாதிருப்பதே விதி. வெப்பநிலை மாறாத உலோகக் கம்பியில் அது மாறுவதில்லை. விளக்கின் டங்ஸ்டன் இழை சூடாகும்போது மின்தடை பலமடங்கு உயர்கிறது. டையோடு இவ்விதிக்கு உட்படுவதே இல்லை. வெப்பமின் இரட்டையின் மின்னியக்கு விசை மிகச் சிறியது ஆகையால் ஓமின் கம்பிகள் குறிப்பிடத்தக்க அளவு சூடாகவில்லை.

எதிர்ப்பும் ஏற்பும்

1827இல் பெர்லினில் வெளியான அவரது நூல் மின்சுற்றைக் கணித முறையில் விளக்கியது. வெப்பம் பரவுதல் பற்றிய ஃபூரியேயின் கோட்பாடு அதற்கு முன்மாதிரியாக இருந்தது. இயற்பியலில் இத்தகைய கணித அணுகுமுறையை அன்றைய ஜெர்மானிய அறிஞர் பலர் விரும்பவில்லை. போல் என்பவர் கடுமையான மதிப்புரை எழுதினார். பல்கலைக்கழகப் பதவியை எதிர்பார்த்திருந்த ஓம், 1828இல் கொலோன் பணியையும் துறந்தார். பின்னர் பெர்லின் இராணுவப் பள்ளியில் சில மணிநேர வகுப்புகள் எடுத்துக் காலம் கழித்தார். 1833இல்தான் நியூரம்பெர்க் பல்தொழில்நுட்பப் பள்ளியில் நிலையான பதவி கிடைத்தது.

1841இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கியது. அதே ஆண்டில் அவரது நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி 1852இல் கிடைத்தபோது அவருக்கு வயது 63. இரண்டு ஆண்டுகளில் மியூனிக்கில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஓமுக்கு முன்பே இங்கிலாந்தின் கேவண்டிஷ், தம் உடலில் பாயும் மின் அதிர்ச்சியையே அளவுகோலாகக் கொண்டு இதையொத்த முடிவை எட்டியிருந்தார். அவர் அதனை வெளியிடாததால், 1879இல் மேக்ஸ்வெல் பதிப்பித்த பின்னரே உலகம் அறிந்தது.

1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு ஓம் எனப் பெயரை ஏற்றது. மின்கடத்தல் திறனின் அலகுக்கு அப்பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கி மோ எனப் பெயரிட்டனர். பின்னர் அதன் இடத்தைச் சீமென்ஸ் என்னும் அலகு பெற்றது.